அல்சேஷன்: யுத்தம் பெயர் மாற்றிய ஒரு மேய்ப்பு நாயின் வரலாறு

யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் வசதி படைத்த வீடுகளை அடையாளம் காண்பதற்கு மூன்று பொருட்கள் போதுமானவையாக இருந்தன. படலைக்குப் பதிலாக இரும்புக் கேற், உள்ளே ஒரு மொறிஸ் அல்லது ஒஸ்ரின் கார், கேற்றிலே 'கடிநாய் கவனம்' என்று எழுதப்பட்ட பலகை. அந்தப் பலகைக்குரிய நாய் ஊர் நாயாக இருப்பதில்லை. நிமிர்ந்த காதும், கரிய முதுகும், தாழ்ந்த வாலும் கொண்ட 'அல்சேஷன்' ஆகவே அது பெரும்பாலும் இருக்கும். டொக்டர் வீடு, புரொக்டர் வீடு, மலேயன் பென்சனியர் வீடு ஆகியவற்றில் அந்த நாய் பகல் முழுவதும் சங்கிலியில் கிடக்கும். இரவில் அவிழ்த்து விடுவார்கள். அதன் குணம் பொல்லாதது என்று ஊர் பேசும். பகல் முழுவதும் கட்டிவைக்கப்பட்ட எந்த உயிருக்கும் குணம் பொல்லாததாகத்தான் போகும் என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

அல்சேஷன் என்பது அந்த நாயின் பெயரே அல்ல. பிரான்ஸ் நாட்டின் கிழக்கெல்லையில், ஜேர்மனியை ஒட்டியுள்ள அல்சாஸ் மாகாணத்துக்கும் அந்த நாய் இனத்தின் பிறப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது ஜேர்மன் நாட்டு மேய்ப்பர்களின் நாய். ஜேர்மன் என்ற சொல்லை உச்சரிக்கவே பிரித்தானியர் விரும்பாத ஒரு காலத்தில் அதற்கு இடப்பட்ட புனைபெயர்தான் நாம் அறிந்த பெயர். பிரித்தானியரிடமிருந்து நாயைப் பெற்ற நாம் புனைபெயரையும் சேர்த்தே பெற்றுக் கொண்டோம்.

அரசியலையும் யுத்தத்தையும் பற்றியே நீண்டகாலம் எழுதிவந்த ஒரு பத்திரிகையாளன் நாயைப் பற்றி எழுதுவதா என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். அரசியலும் யுத்தமும் ஒரு நாயின் பெயரை, உடலை, தொழிலை எவ்வாறெல்லாம் மாற்றின என்பதே இக்கட்டுரையின் பொருள் என்பது எனது பதில். இன்னுமொரு காரணமும் உண்டு. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஸ்ருட்காட்டிலும் வாழும் எமது மக்களின் பிள்ளைகள் இன்று இந்த நாயை விரும்பி வாங்குகின்றார்கள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மீண்டும் அது வந்திருக்கின்றது. வாங்குபவர்களில் பலருக்கு அதன் விலை தெரியும், வரலாறு தெரியாது. வரலாறு தெரியாமல் இந்த நாயை நன்றாக வளர்க்க முடியாது என்பது எனது உறுதியான கருத்து.

வேலி இல்லாத வயல்களின் வேலி

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜேர்மனியின் கிராமப்புறங்களில் பயிர் நிலங்களுக்கு வேலி அடைக்கும் வழக்கம் பரவலாக இருக்கவில்லை. கோதுமை வயலுக்கும் கிழங்கு வயலுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய தரிசுத் துண்டிலும், அறுவடை முடிந்த தாள் நிலத்திலும், வீதியோரப் புல்லிலும் நூற்றுக்கணக்கான செம்மறி ஆடுகளை மேய்க்க வேண்டும். இரண்டு பக்கமும் மற்றவருடைய பயிர். ஓர் ஆடு எல்லை தாண்டினாலும் வழக்கு வரும்.

இந்த இடத்தில்தான் நாயின் வேலை ஆரம்பமாகின்றது. பிரித்தானியாவின் 'பொர்டர் கொலி' நாய் மேய்ப்பரின் சீழ்க்கைக்கு ஏற்ப ஆடுகளைச் சுற்றி வளைத்துக் கொண்டுவந்து சேர்க்கும். ஜேர்மன் மேய்ப்பரின் நாய்க்கு வேறு வேலை. அது மேய்ச்சல் துண்டின் எல்லையில், உழவு சாலின் வழியே, மேலும் கீழுமாக நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும். அதுவே நடமாடும் வேலி. எல்லைக்குள் நிற்கும் ஆட்டை அது தொடாது. எல்லையை மீறும் ஆட்டைத் தடுக்கும். அடங்காத ஆட்டைத் தோல் கிழியாத அளவுக்குப் பல்லால் பற்றி விட்டுவிடும். மேய்ப்பர் தூரத்தில் தடியை ஊன்றி நிற்பார். ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒவ்வொரு கட்டளை கொடுத்துக் கொண்டிருக்க அவரால் முடியாது. எனவே எது எல்லை, எது மீறல், எவ்வளவு தண்டனை என்பதை நாயே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

இந்த இனத்தின் தன்மைகள் யாவும் இந்தத் தொழிலிலிருந்தே பிறந்தவை. களைக்காமல் நாள் முழுவதும் ஓடக்கூடிய நீண்ட, தாழ்ந்த சீரோட்டம். மழையும் பனியும் உட்புகாத இரட்டை உரோமம். எந்நேரமும் எதையாவது கவனித்துக் கொண்டிருக்கும் கண். தன் கூட்டத்தை விட்டகலாத பற்று. எல்லைக்குள் புதிதாக நுழையும் எதன்மீதும் சந்தேகம். இவற்றை அடுத்த பகுதிகளுக்காக வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ளுதல் நல்லது.

ஒரு குதிரைப்படை அதிகாரி

அந்நாட்களில் இவை ஓர் இனமாக இருக்கவில்லை. வூட்டம்பேர்க் பகுதியின் நாய் பெரியது, வலியது. துரிங்கியப் பகுதியின் நாய் சிறியது, நிமிர்ந்த காதுடையது. அவுஸ்திரேலியாவிலிருந்து மலிவான கம்பளி ஐரோப்பியச் சந்தைக்கு வந்து குவியத் தொடங்கியபின் ஜேர்மனியின் மந்தைகள் குறைந்தன. மந்தை குறைந்தால் நாய்க்கு வேலை இல்லை. 1891 இல் இந்த நாய்களுக்காக 'பைலக்ஸ்' என்ற சங்கம் தொடங்கப்பட்டு, உட்பூசல்களினால் 1894 இல் கலைந்தும் போயிற்று.

அதன்பின் வந்தவர் மக்ஸ் வொன் ஸ்டெபானிற்ஸ். 1864 இல் ட்ரெஸ்டன் நகரில் பிறந்த இவர் குதிரைப்படைக் கப்டனாக இருந்தவர். பேர்லின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சிலகாலம் கடமையாற்றியபோது உடற்கூற்றையும் உயிரினப் பெருக்கத்தையும் பற்றி அறிந்து கொண்டவர். 1899 ஏப்ரல் 3 ஆம் திகதி காள்ஸ்றூ நகரில் நடைபெற்ற நாய்க் கண்காட்சிக்கு நண்பர் ஆர்தர் மேயருடன் சென்ற அவர், 'ஹெக்டர் லிங்ஸ்ரைன்' என்ற நாயைக் கண்டு 200 மார்க் கொடுத்து வாங்கினார். அதற்கு 'ஹொரான்ட் வொன் கிராஃப்ராத்' என்று புதுப் பெயர் சூட்டினார். 19 நாட்களின் பின்னர், ஏப்ரல் 22 ஆம் திகதி, ஜேர்மன் மேய்ப்பு நாய்ச் சங்கம் உதயமாயிற்று. சங்கத்தின் பதிவேட்டில் முதலாம் இலக்கம் ஹொரான்ட். இன்று உலகெங்கும் உள்ள ஜேர்மன் செப்பேர்ட் நாய்கள் தமது வம்சாவளியை அந்த ஒரு நாயுடன் தொடர்புபடுத்துகின்றன.

ஸ்டெபானிற்ஸின் கொள்கை எளிமையானது. நாயின் அழகு அதன் வேலையில் இருக்கின்றது, வேலைக்கு உதவாத அழகு அழகன்று. அதே சமயம் அவர் தாம் விரும்பிய குணங்களை நிலைநிறுத்துவதற்காக நெருங்கிய உறவுடைய நாய்களையே திரும்பத் திரும்ப இணைசேர்த்தார். இந்த இனத்தின் பலமும் பலவீனமும் ஒரே மனிதரின் ஒரே முடிவிலிருந்து வந்தன.

மந்தைகள் மறைந்து கொண்டிருப்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். வேலை இழந்த நாய்க்கு அவர் புது முதலாளிகளைத் தேடினார். முதலில் பொலிஸ், பின்னர் இராணுவம். எல்லையைக் காக்கும் நாய் எந்த எல்லையையும் காக்கும் அல்லவா?

யுத்தம் கொடுத்த தொழில்களும் பெயரும்

முதலாம் உலக யுத்தத்தில் ஜேர்மன் படையினர் பல்லாயிரக்கணக்கான நாய்களைப் பயன்படுத்தினர். அவை அகழிகளுக்கிடையே செய்தி கொண்டு சென்றன. இரு தரப்புக்கும் நடுவே கிடந்த காயக்காரரைத் தேடிக் கண்டுபிடித்தன. அதே யுத்தத்தின் விஷவாயுவும் எறிகணைச் சிதறல்களும் பெருந்தொகையான படையினரின் கண்களைப் பறித்தன. அவர்களுக்காக 1916 இல் ஒல்டன்பேர்க் நகரில் வழிகாட்டி நாய்களுக்கான பயிற்சி நிலையம் ஆரம்பிக்கப்பட்டது. வைத்தியர் கேர்ஹாட் ஸ்டாலிங் இதனை முன்னின்று நடத்தினார்.

சுவிற்சர்லாந்தில் இந்த நாய்களை வளர்த்துவந்த டொரத்தி யூஸ்ரிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, ஜேர்மன் வழிகாட்டி நாய்களைப் பற்றி 1927 இல் ஓர் அமெரிக்க வார இதழில் கட்டுரை எழுதினார். கட்டுரையை வாசிக்கக் கேட்டு, பார்வையிழந்த மொறிஸ் பிராங்க் என்ற இளைஞர் சுவிற்சர்லாந்துக்குச் சென்றார். 1928 இல் 'படி' என்ற பெட்டை நாயுடன் அமெரிக்கா திரும்பினார். அடுத்த ஆண்டே அங்கு வழிகாட்டி நாய் நிலையம் தோன்றியது. பிரித்தானியாவில் 1931 இல் முதன்முதலாகப் பயிற்சி முடித்து வெளியேறிய நான்கு வழிகாட்டி நாய்களும் இந்த இனத்தவையே. ஒரு பத்திரிகைக் கட்டுரை பார்வையற்ற பல்லாயிரம் மனிதருக்கு வீதியைத் திறந்து விட்டது. எமது தொழிலைச் சேர்ந்தவர்கள் பெருமைப்படக்கூடிய நிகழ்ச்சிகளில் இதுவும் ஒன்று.

வழிகாட்டி நாய்க்குரிய முக்கிய தகுதி கீழ்ப்படிவு என்றே பலரும் நினைப்பார்கள். அது பாதி உண்மை. 'முன்னே செல்' என்று எசமான் கட்டளையிடும்போது எதிரே வாகனம் வந்தால் நாய் நகர மறுக்க வேண்டும். கட்டளையை மீறுவதே அங்கு கடமை. மேய்ப்பர் தூரத்தில் நிற்க, எல்லையில் தானே முடிவெடுத்த நாயின் பரம்பரைக்கு இது புதிய பாடமன்று.

இனிப் பெயருக்கு வருவோம். ஜேர்மனியுடன் பொருதிய பிரித்தானியாவில் ஜேர்மன் பெயர்கள் யாவும் பகைக்குரியவையாயின. அரச குடும்பமே 1917 இல் தனது ஜேர்மன் குலப்பெயரைத் துறந்து வின்ட்சர் ஆகியது. அரசருக்கே அந்த நிலை என்றால் நாய்க்கு என்ன கதி? 1919 இல் பிரித்தானிய நாய்ப் பதிவுச் சங்கம் இந்த இனத்தை 'அல்சேஷன் ஓநாய் நாய்' என்ற பெயரில் பதிவு செய்தது. அமெரிக்கர் 'ஜேர்மன்' என்ற சொல்லை வெட்டிவிட்டு வெறுமனே 'செப்பேர்ட் நாய்' என்றார்கள். 1931 இல் அமெரிக்கர் பழைய பெயருக்குத் திரும்பினர். பிரித்தானியர் திரும்புவதற்கு 1977 வரை சென்றது. அப்போதும் அடைப்புக்குறிக்குள் ஒட்டிக்கொண்டிருந்த 'அல்சேஷன்' என்ற சொல் 2010 இல்தான் நீக்கப்பட்டது. ஒரு நாய் தனது சொந்தப் பெயரை முழுமையாகத் திரும்பப் பெறுவதற்கு 90 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

'ஓநாய்' என்ற ஒட்டுச்சொல்லும் தனது வேலையைக் காட்டியது. இந்த நாய்கள் காட்டு நாய்களான டிங்கோக்களுடன் கலந்து ஆட்டு மந்தைகளை அழித்துவிடும் என்று அஞ்சி, 1929 இல் அவுஸ்திரேலியா அவற்றின் இறக்குமதியைத் தடை செய்தது. தடை 1970 களின் முற்பகுதிவரை நீடித்தது. ஆடு காப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட நாய், ஆட்டைக் கொல்லும் என்ற குற்றச்சாட்டில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நாடு புக முடியாமல் இருந்தது! விசாரணையின்றிப் பெயரை வைத்தே குற்றவாளியாக்கும் வழக்கம் மனிதர்களுடன் நின்றுவிடவில்லை.

இதற்கிடையில் ஹொலிவூட் வேறொரு தீர்ப்பை எழுதியது. 1918 செப்டெம்பரில் பிரான்ஸின் லொறேன் பகுதியில், குண்டுவீச்சில் சிதைந்த ஒரு நாய்க்கூடத்தில் லீ டங்கன் என்ற அமெரிக்கப் படைவீரர் கண்டெடுத்த குட்டிதான் 'றின் ரின் ரின்'. அது நடித்த மௌனப் படங்கள் 1920 களில் உலகெங்கும் ஓடின. எதிரியின் நாய் எல்லோருடைய நாயும் ஆயிற்று.

எசமானரின் துரோகம்

ஸ்டெபானிற்ஸ் தமது இறுதி ஆண்டுகளில் நாஸிகள் தமது சங்கத்தைக் கைப்பற்றுவதைக் கண்டார். 1935 இல் அதிலிருந்து விலகினார். சங்கம் ஆரம்பித்த அதே ஏப்ரல் 22 ஆம் திகதி, 1936 இல், காலமானார். பின்னர் நடந்தவற்றை அவர் காணவில்லை. அவருடைய நாய்கள் வதைமுகாம்களின் முட்கம்பி வேலியோரம் நடந்தன. ஹிட்லர் தமது செல்ல நாய் 'பிளொன்டி' மீது பாசம் காட்டியவர். 1945 ஏப்ரல் இறுதியில், நிலவறையில், தமக்கென வைத்திருந்த நஞ்சு வேலை செய்யுமா என்று பார்ப்பதற்கு அந்த நாய்க்கே அதைக் கொடுக்கச் செய்தார்.

வெற்றி பெற்ற தரப்பின் நாய்களுக்கும் நீதி கிடைத்துவிடவில்லை. வியட்நாமில் அமெரிக்கப் படையினருடன் சுமார் 4,000 நாய்கள் சேவையாற்றின. அவற்றில் பெரும்பாலானவை ஜேர்மன் செப்பேர்ட்கள். கண்ணிகளையும் பதுங்கியிருப்போரையும் முன்கூட்டிக் கண்டு அவை காப்பாற்றிய உயிர்கள் பல. யுத்தம் முடிந்தபோது அவை 'மேலதிக உபகரணம்' என்ற கணக்கில் வைக்கப்பட்டன. நாடு திரும்பியவை சுமார் 200 மட்டுமே. ஏனையவை கொல்லப்பட்டன அல்லது கைவிடப்பட்டன. ஓய்வுபெறும் இராணுவ நாய்களைத் தத்தெடுக்க வழிசெய்யும் சட்டம் அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டிலேயே வந்தது.

அந்நிய நாடுகளைக் குறை சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவில் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது நாய்களை என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி அந்நாட்களில் எவரும் எழுதவில்லை. எழுதக்கூடிய வேளையும் அதுவன்று. நடந்து வந்தவர்களில் சிலர் பல ஆண்டுகளின் பின் என்னிடம் அதைப்பற்றிப் பேசியிருக்கின்றார்கள். சிலர் சங்கிலியை அவிழ்த்துவிட்டு வந்தார்கள். சிலர் ஒரு நாளில் திரும்பிவிடலாம் என்று எண்ணி அவிழ்க்காமலே வந்தார்கள். அவிழ்க்காமல் வந்த ஒரு முதியவர், வீடு போனதைப் பற்றிச் சொல்லும்போது கலங்காத குரல், அந்தச் சங்கிலியைப் பற்றிச் சொல்லும்போது தடுமாறியதை நான் மறக்கவில்லை. மனிதர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய இரவில் நாய்க்கு நீதி கேட்பது இந்தக் கட்டுரையின் நோக்கமன்று. சங்கிலி என்பது என்ன என்பதை அந்த இரவு எமக்குக் காட்டியது என்பதையே சொல்கின்றேன். எசமான் அருகில் இருக்கும்வரை மட்டுமே அது வெறும் கயிறு.

சரிந்த முதுகு

யுத்தங்கள் செய்தவற்றுக்கு நிகரான கேட்டைக் கண்காட்சி மேடையும் செய்தது. ஸ்டெபானிற்ஸ் காலத்திலேயே நாய்கள் அளவுக்கு மீறி உயர்ந்தும் பெருத்தும் வருவதைக் கண்ட அவர், 1925 இல் சற்று நீளமான, தாழ்ந்த உடலமைப்புள்ள 'குளோடோ வொன் பொக்ஸ்பேர்க்' என்ற நாயை வெற்றியாளனாகத் தெரிவு செய்தார். நோக்கம் நல்லது. ஆனால் பின்வந்த தலைமுறைகள் அந்தத் திசையிலேயே வெகுதூரம் சென்றுவிட்டன. முதுகு பின்னோக்கிச் சரிந்தும், பின்னங்கால்கள் மடிந்தும் நிற்கும் நாய்கள் மேடையில் பரிசு பெற்றன. 2016 இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற 'கிறவ்ற்ஸ்' கண்காட்சியில் இனவெற்றி பெற்ற ஒரு ஜேர்மன் செப்பேர்ட் நடக்கவே சிரமப்படுவதைத் தொலைக்காட்சியில் கண்ட மக்கள் கொதித்தெழுந்தனர். நாள் முழுவதும் ஓடுவதற்காகப் பிறந்த இனத்தின் வெற்றியாளனால் மேடையைச் சுற்றி வர முடியவில்லை.

இடுப்பு மூட்டுக் கிண்ணத்தில் தொடையெலும்பு சரியாகப் பொருந்தாத நோய் இந்த இனத்தில் பரவலாக உண்டு. 1966 இலேயே ஜேர்மன் சங்கம் இடுப்பு எக்ஸ்ரே பரிசோதனைக்கு முத்திரை வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. முதுமையில் பின்னங்கால்கள் படிப்படியாகச் செயலிழக்கும் முள்ளந்தண்டு நோயும், உணவு செரிக்காமல் மெலியச் செய்யும் கணையக் குறைபாடும் இவற்றிடையே கூடுதலாகக் காணப்படுகின்றன. சுவிற்சர்லாந்தின் நூதனசாலையில் பேணப்பட்ட, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலான நாய்களின் எச்சங்களை ஆராய்ந்து 2024 இறுதியில் வெளியான மரபணு ஆய்வு, இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னரே இந்த இனத்தின் மரபணுப் பல்வகைமை பெரிதும் சுருங்கியதாகக் கூறுகின்றது. சில வெற்றியாளர்களின் இரத்தமே எல்லாக் குட்டிகளிலும் ஓடியதன் விளைவு இது.

முற்றத்தில் வளர்ப்பவர்களுக்கு

இந்த வரலாற்றை மனதில் வைத்துக் கொண்டால் வீட்டில் வளர்ப்பது எப்படி என்ற கேள்விக்குப் பாதி விடை தானாகவே கிடைத்துவிடும்.

குட்டியை வாங்குமுன் தாயையும் தகப்பனையும் பார்க்க வேண்டும். அவற்றின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்க வேண்டும். பரிசுக் கோப்பைகளைக் காட்டி எக்ஸ்ரேயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்கக் கூடாது. முதுகு நேராக உள்ள, சீராக நடக்கும் பெற்றோரின் குட்டியே நல்லது. வளர்ந்த ஆண் நாய் 30 முதல் 40 கிலோகிராம் வரை நிறையுடையது. பெட்டை 22 முதல் 32 வரை. இந்த நிறையைத் தாங்கும் எலும்புகள் மெதுவாகவே வளர வேண்டும். ஆகவே குட்டிக்கு அளவுக்கு மிஞ்சி ஊட்டிக் கொழுக்க வைப்பதும், எலும்பு பலக்கும் என்று எண்ணிக் கல்சியம் மாத்திரைகளை மேலதிகமாகக் கொடுப்பதும் தீங்கானவை. வளர்ந்து முடியுமுன் நீண்டதூரம் ஓட விடுவதையும், மாடிப்படிகளில் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்குவதையும் தவிர்க்க வேண்டும்.

நாளுணவை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுப்பது நன்று. நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு காற்றினால் ஊதித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. உண்டவுடன் ஓட விடக் கூடாது. வயிறு பருத்து, வாந்தி வராமலே ஓங்காளித்துத் தவிக்கும் நாயை விடியும்வரை வைத்திருக்காமல் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். சில மணித்தியாலங்களில் உயிர் போய்விடும். வெங்காயம், சொக்கலேற், முந்திரிகைப் பழம், சமைத்த எலும்பு ஆகியன ஆகாதவை.

இதன் இரட்டை உரோமம் ஆண்டில் இரு தடவை பெருமளவில் உதிரும். மற்ற நாட்களிலும் உதிர்வது நிற்பதில்லை. வாரத்தில் சில தடவைகள் சீவி விட்டால் போதும். அடிக்கடி குளிப்பாட்டத் தேவையில்லை. எமது நாட்டு வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று சிலர் உரோமத்தை மழித்து விடுகின்றார்கள். அது தவறு. தோலை வெயிலிலிருந்து காப்பதும் அந்த உரோமமே. நிழலும், காற்றும், எந்நேரமும் நீரும் கொடுத்து, தார் வீதி சுடுமுன் விடிகாலையிலும், மீண்டும் மாலை மங்கியபின்னும் நடத்துவதே ஏற்ற முறை.

எமது பகுதிகளில் உண்ணியை அற்பமாகக் கருதக் கூடாது. வியட்நாமில் அமெரிக்க இராணுவத்தின் நாய்கள் நூற்றுக்கு மேல் மூக்கால் இரத்தம் வடிந்து இறந்தபோதுதான், நாயுண்ணி பரப்பும் 'ஏர்லிக்கியா' நோயின் கொடுமையை உலகம் முழுமையாக உணர்ந்தது. ஏனைய இனங்களைவிட ஜேர்மன் செப்பேர்ட்களே அந்நோய்க்குக் கடுமையாகப் பலியாகின்றன. அதே பழுப்பு நிற உண்ணிதான் எமது வீட்டுச் சுவர் வெடிப்புகளிலும் வாழ்கின்றது. நாயின் காதையும் விரலிடுக்கையும் நாள்தோறும் பார்க்க வேண்டும். காய்ச்சல், சோர்வு, முரசு வெளிறுதல், மூக்கில் இரத்தம் ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்கக் கூடாது. ஆரம்பத்தில் கண்டால் மருந்துண்டு. விசர்நாய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் மறவாமல் போடுவிக்க வேண்டும்.

இவை யாவும் உடலுக்கானவை. மனதுக்கு என்ன செய்கின்றோம் என்பதே முக்கியம். இந்த நாய்க்கு ஓய்வூதியம் பிடிக்காது, வேலைதான் பிடிக்கும். வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணித்தியால நடையாவது வேண்டும். அதைவிட அவசியமானது அதன் அறிவுக்கு வேலை. ஒளித்து வைத்த பொருளைத் தேடச் செய்தல், பத்திரிகையை எடுத்துவரச் செய்தல், வீதி கடக்குமுன் இருத்தி வைத்தல் போன்றவை சிறிய வேலைகளாயினும் அவற்றில் அது காட்டும் அக்கறை பெரிது. வேலை கொடுக்கப்படாத நாய் தானே வேலையைத் தேடிக்கொள்ளும். வேலியோரம் ஓடி ஓடித் தடம் போடும், சைக்கிள்காரரைத் துரத்தும், விளையாடும் பிள்ளைகளை மந்தை என்றெண்ணிக் குதிக்காலைக் கடித்துச் சேர்க்கப் பார்க்கும். ஊர் அதைப் பொல்லாத நாய் என்னும். உழவு சால் இல்லாத இடத்தில் அது சாலைத் தேடுகின்றது என்பதே உண்மை.

குட்டி பிறந்து 3 முதல் 14 வாரங்கள் வரையான காலத்தில் காணும் மனிதரையும் ஒலிகளையும் அது உலகத்தின் இயல்பாக ஏற்றுக்கொள்ளும். அக்காலத்தில் எவரையும் காணவிடாமல் கட்டிவைத்தால், அந்நியர் யாவரும் அதற்கு ஆயுள் முழுவதும் எதிரிகளே. அடித்துப் பழக்க வேண்டியதில்லை. சிறு துண்டு இறைச்சியும் மகிழ்ச்சியான குரலும் தடியைவிட விரைவில் கற்பிக்கும். சங்கிலி நடைக்கு மட்டுமே உரியது. இந்த நாயின் தாயகமான ஜேர்மனி 2021 இல் தனது ஒழுங்குவிதிகளைத் திருத்தியபோது, நாயைக் கட்டிவைத்து வளர்ப்பதைப் பொதுவாகத் தடை செய்தது.

வெளிநாடுகளில் பிள்ளைகள் கேட்டார்கள் என்பதற்காக வாங்கிக் கொடுக்க எண்ணும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்த நாய் 10 முதல் 12 ஆண்டுகள் வாழும். கேட்ட பிள்ளை பல்கலைக்கழகம் சென்றுவிடும். பனி கொட்டும் காலையிலும் அதை நடத்திச் செல்வது அப்பாவாக அல்லது அம்மாவாகத்தான் இருக்கும். பகல் முழுவதும் வீட்டில் ஆளில்லாத குடும்பத்துக்கு இந்த நாய் ஏற்றதன்று. முதுமையில் பின்னங்கால் தளரும்போது அந்த நிறையைத் தூக்கி வைத்தியரிடம் கொண்டுசெல்லவும் ஆள் வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஆயத்தமானவர்களே அதனை வாங்க வேண்டும்.

மேய்ப்பர், பொலிஸ்காரர், அகழியில் கிடந்த படைவீரர், கண்ணிழந்தவர், முகாம் காவலர், நடிகரின் பயிற்சியாளர் என்று 125 ஆண்டுகளுக்கு மேலாக எசமானர்கள் மாறி மாறி வந்தார்கள். ஒவ்வொருவரும் அதனிடம் கேட்டதை அது கொடுத்தது. கேட்டது நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு ஒருபோதும் அதனுடையதாக இருக்கவில்லை. இப்போது அந்தப் பொறுப்பு அதனை வீட்டுக்குக் கொண்டுவருபவருடையது. குட்டியை வாங்கப் புறப்படுமுன், நாளை காலை ஐந்து மணிக்கு எழுந்து அதனுடன் நடக்கப் போவது யார் என்பதை வீட்டில் எல்லோரும் கூடியிருந்து முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு விடை கிடைக்காவிட்டால் பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பது நாய்க்கு நீங்கள் செய்யும் பெரிய நன்மை.